நல்லூர் என்ற கெட்ட வார்த்தை

வாசுதேவநல்லூர் ஓர் ஆபாசமான ஊர். நான் சொல்லவில்லை. ஒரு செல்போன் விளையாட்டு சொல்கிறது.

கடையநல்லூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். நீங்களும் அதே பட்டியல்தான். வீரவநல்லூரும் தப்பாது. கோவையின் சிங்காநல்லூர் மாட்டும். சென்னையின் சோழிங்கநல்லூர் மாட்டும். இந்த ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் ஏ, என், ஏ, எல் என்று நான்கு எழுத்துகள் தோளோடு தோள் உரசி நிற்கும். மனித உடம்பின் பின்வாசல் சம்பந்தப்பட்ட ஆங்கிலச் சொல் அது. மருத்துவர் எழுதினால் நோய்க்குறிப்பு. ஊர்ப் பெயருக்குள் ஒளிந்திருந்தால் ஆபாசம். நல்ல ஊர் என்று பெயர் வைத்துவிட்டுப் போன பெரியவர்களுக்கு இது தெரியாமல் போயிற்று.

சங்கரன்கோவில் தேறிவிட்டது. புளியங்குடி தேறிவிட்டது. சிவகிரிக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் உண்டு. இந்த வட்டாரத்தில் ஒழுக்கம் கெட்டவர்கள் நாங்களும் கடையநல்லூரும்தான்.

எங்கள் ஊருக்கு ஒரு கோட்டை இருந்தது. பூலித்தேவரின் கோட்டை. 1760-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி யூசுப் கான் பீரங்கிகளோடு வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மறு ஆண்டுதான் அவரால் உள்ளே நுழைய முடிந்தது. கம்பெனிப் படையை அன்று வெளியே நிறுத்தியவர்கள் நாங்கள். இன்று கம்பெனி எங்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. அன்றைய கம்பெனிக்காவது எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல நாக்கு கூசவில்லை. பிழையாகவேனும் எழுதி வைத்துக்கொண்டது.

விஷயம் வெளியே வந்தது பக்கத்து வீட்டுப் பையனால். பன்னிரண்டாம் வகுப்பு. நாலு கூட்டாளிகளைச் சேர்த்து விளையாட்டுக்குள் ஒரு குழு ஆரம்பிக்கிறான். குழுவுக்கு ஊர்ப் பெயர் வைக்க ஆசை. இந்தக் காலத்தில் ஊர்ப் பெயர் மேல் ஆசை வைக்கும் பையனை மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவன் போனை நீட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

“சித்தப்பா, இங்கிலீசு சரியா இருக்கான்னு பாருங்க. எடுக்கவே மாட்டேங்கு.”

பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. பெட்டிக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி. பொருத்தமற்ற சொல் இருக்கிறதாம். வேறு பெயர் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

“என்னல அடிச்ச?”

“ஊரு பேருதான் சித்தப்பா. சத்தியமா வேற ஒண்ணும் அடிக்கல.”

அந்தச் ‘சத்தியமா’தான் எனக்குச் சுருக்கென்றது. பையன் தப்பே செய்யவில்லை. ஆனாலும் சத்தியம் செய்கிறான். அம்மாவிடம் காட்டியிருக்க மாட்டான். கெட்ட வார்த்தை எழுதிப் பிடிபட்டவன் போல ஒரு முகம். சிவப்பு எழுத்தில் யார் எது சொன்னாலும் குற்றம் நம் மேல்தான் என்று நம்பப் பழக்கிவிட்டார்கள் நம் பிள்ளைகளை. ரேஷன் கடை எந்திரத்தில் கைரேகை விழவில்லையா? விரல்தான் குற்றவாளி. ஆதாரில் ஒரு முன்னெழுத்து இடம் மாறி நிற்கிறதா? அப்பன்தான் குற்றவாளி. விளையாட்டு ஏற்கவில்லையா? ஊர்தான் குற்றவாளி.

அவன் தங்கையும் முயன்று பார்த்தாள். அவள் பெயர் ரக்‌ஷிதா. அதுவும் சிவப்பு. எஸ், எச், ஐ, டி என்ற நான்கு எழுத்துகள் அதற்குள் குந்தியிருக்கின்றன. ஆங்கிலத்தில் மலத்தைக் குறிக்கும் சொல். ஹர்ஷிதா, லக்‌ஷிதா, தீக்‌ஷிதா, நிஷிதா எல்லாருக்கும் இதே கதி. தமிழ்நாட்டின் ஆரம்பப் பள்ளி வருகைப் பதிவேட்டில் பாதி காலி. இதில் பெற்றோரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இசக்கியம்மாள் பட்டிக்காடு, மாடத்தி அசிங்கம், சண்முகத்தாய் பழசு என்று ஒதுக்கிவிட்டு, எண்கணிதச் சோசியரிடம் காசு கொடுத்து, வாயில் நுழையாத பெயராகத் தேடிப் பிடித்து, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூட்டி எண்ணைச் சரிக்கட்டி வைத்த பெயர் அது. அமெரிக்கக்காரன் பட்டியலில் அது மலம். இசக்கியம்மாள் என்று அடித்துப் பார்த்தோம். உடனே ஏற்றுக்கொண்டது. பாட்டி ஜெயித்துவிட்டாள்.

இதே கணக்கில் எட்டயபுரத்தில் 1835-ல் காலமான முத்துசாமி தீட்சிதரும் ஆபாசம். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர் தடை செய்யப்பட்டவர். டெல்லியை மூன்று முறை ஆண்ட ஷீலா தீட்சித்தும் அப்படியே. 2010-ல் நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் பால் ஹென்றி என்பவர் ஷீலா தீட்சித்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கெக்கலித்தார். இந்திய அரசு கண்டித்தது. அவர் வேலையை விட்டு விலகினார். சரிதான். ஒரு மனிதன் செய்தால் அது இனவெறி. அதையே ஓர் எந்திரம் நாள் முழுக்கச் செய்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு வசதி.

எங்கள் ஊர்க் கோயில் சிந்தாமணிநாதர் கோயில். மூலவர் அர்த்தநாரீஸ்வரர். பாதி ஆண், பாதி பெண். விளையாட்டில் பதிவு செய்யும்போது முதல் கேள்வியே ஆணா பெண்ணா என்பதுதான். ஊர்ப் பெயர் தேறாதது ஒருபுறம் இருக்கட்டும். சாமியாலேயே முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது.

இது புது நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். 1996-ல் இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தில் கணக்குத் தொடங்கப் போனார்கள். ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது என்று விரட்டினார்கள். அதற்கு நிறுவனம் கண்ட தீர்வு என்ன தெரியுமா? கெட்ட வார்த்தைகளைச் சலிக்கும் ஃபில்டரைத் திருத்தவில்லை. ஊரைத் திருத்தியது. ஓர் எழுத்தை மாற்றி ‘ஸ்கான்தோர்ப்’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னது. கணினிக்காரர்கள் இந்தக் கோளாறுக்கே ஸ்கன்தோர்ப் சிக்கல் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பெயர் சூட்டு விழா முடிந்தது. சிக்கல் அப்படியே இருக்கிறது.

2008-ல் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவச் செய்தித் தளம், ‘கே’ என்ற சொல் எங்கே வந்தாலும் அதை எடுத்துவிட்டு ‘ஹோமோசெக்சுவல்’ என்று தானாகவே போடும்படி எந்திரத்துக்குக் கட்டளையிட்டிருந்தது. ஓட்டப்பந்தய வீரர் டைசன் கே ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஜெயித்தார். டைசன் ஹோமோசெக்சுவல் ஜெயித்தார் என்று செய்தி வெளியானது. 2010-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுச் சேவை, மேற்கு வர்ஜீனியாவில் ஒருவரின் கணக்கை முடக்கியது. அவர் செய்த குற்றம், தன் ஊர் ஃபோர்ட் கே என்று எழுதியது. அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. ஊரின் மேயரே வந்து ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிறகுதான் மன்னிப்பு வந்தது. அந்த ஊரும் கோட்டை ஊர்தான். கோட்டைகளுக்கும் கம்பெனிகளுக்கும் எப்போதும் ஆகாது போலிருக்கிறது.

எல்லாவற்றையும் விட அழகு போக்கிமான் கதை. 2011-ல் மேல்நாடுகளில் வெளிவந்த பதிப்பில் கோஃபக்ரிகஸ் என்று ஒரு பூதம். கம்பெனி பெற்ற பிள்ளை. கம்பெனி வைத்த பெயர். அந்தப் பூதத்தைப் பண்டமாற்றுக்கு அனுப்பினால் கம்பெனியின் ஃபில்டரே மறித்தது. பெயருக்குள் ஒரு வசவு இருக்கிறதாம். வேறு செல்லப் பெயர் வைத்துக் கூட்டி வந்தால் விடுவார்களாம். சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாத வீட்டில் வாசுதேவநல்லூரான் போய் நியாயம் கேட்கிறான்.

இப்போது எல்லாரும் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். எந்திரம் கவிதை எழுதுகிறது. எக்ஸ்ரே படிக்கிறது. வழக்கறிஞர் தேர்வில் பாஸ் செய்கிறது. வாசுதேவநல்லூர் வசவு அல்ல என்று மட்டும் அதற்குத் தெரியாது. முழுச் சொல்லாகப் பார், துண்டாக வெட்டிப் பார்க்காதே என்று ஒரு வரி எழுதினால் போதும். இந்திய ஊர்ப் பெயர்களை ஒரு விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். கல்லூரியில் கணினி படிக்கும் எந்தப் பிள்ளையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துக் கொடுக்கும். அந்த வேலையைச் செய்யக்கூடிய ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? சோழிங்கநல்லூரில். பழைய மகாபலிபுரம் சாலையில். தங்கள் அலுவலக முகவரியே ஆபாசம் என்று அறியாமல்.

ஆங்கிலமே வேண்டாம், தமிழிலேயே எழுதிவிடலாமே என்பீர்கள். பல விளையாட்டுகள் தமிழ் எழுத்தை ஏற்பதே இல்லை. ஏற்பவையும் எழுத்தெண்ணிக்கையில் கழுத்தை நெரிக்கின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இருப்பது போலப் பெயருக்கு 12 எழுத்து உச்சவரம்பு என்று வையுங்கள். முத்துக்குமாரசுவாமி என்பது நமக்குப் பத்தே எழுத்து. கணினிக்குப் பத்தொன்பது. புள்ளியை ஒன்றாக, காலை ஒன்றாக, சுழியை ஒன்றாகப் பிரித்து எண்ணும். முருகனின் பாதிப் பெயர் வரம்புக்கு வெளியே தொங்கும்.

ஆனால் பிள்ளைகளின் விளையாட்டுப் பெயர்களைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் சாமரம் வீசியது போல ஓர் அலங்கார வளைவு நிற்கும். அது ஜாவா மொழியின் எழுத்து வரிசையில் இருக்கும் அலங்காரக் குறி. இந்தோனேசியாவில் தலைப்புகளுக்குப் போடுவது. நடுவில் வெற்றிடம் வேண்டுமென்றால் கொரிய மொழியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து இருக்கிறது. அதை நகலெடுத்து ஒட்டுவார்கள். வாசுதேவநல்லூர்ப் பையன் ஜாவா எழுத்து எழுதலாம். கொரிய எழுத்து எழுதலாம். கணிதச் சமன்பாட்டுக்கு வைத்திருக்கும் கோண எழுத்து எழுதலாம். சொந்த ஊரின் பெயரை மட்டும் எழுதக் கூடாது.

சரி, வாசலில் இவ்வளவு கெடுபிடி என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

அந்தப் பையனின் போனை வாங்கி ஓர் ஆட்டம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டேன். நான் சினிமாக் கொட்டகைத் தரை டிக்கெட்டில் வளர்ந்தவன். எனக்கே காது கூசியது. எதிரணிப் பையன் எவனுடைய தாயும் மிச்சமில்லை. எவனுடைய அக்காளும் மிச்சமில்லை. எல்லாம் தூய தமிழ். எழுத்திலும் வருகிறது. ஆங்கில எழுத்தில் தமிழ் வசவு. ஒன்று கூடச் சிவக்கவில்லை. ஒன்று கூட நட்சத்திரக் குறியாகவில்லை. ஏனென்றால் அது பட்டியலில் இல்லை. பட்டியல் போட்டவனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவனை வேலைக்கு வைக்கக் காசு செலவாகும். நம்மிடம் வாங்கும் காசு இருக்கிறதே, அது ஒருவழிப் பாதை.

அதைக்கூட மன்னிக்கலாம். வசவு எங்கள் மண்ணில் பாசத்துக்கும் வரும். குழுக்களின் பெயர்களைப் பாருங்கள். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. சாதிப் பெயர். சாதிப் பெயரோடு படை. சாதிப் பெயரோடு அரிவாள் படம். சாதிப் பெயரோடு ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்து. எந்தச் சாதி என்று எழுத மாட்டேன். எல்லாச் சாதியும்தான். ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் விட்டுப் போனவர்கள் கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். ஒரு பெயரிலும் சிவப்பு இல்லை. ‘வரவேற்கிறோம், வீரரே’ என்று பச்சை விளக்கு. நல்லூர் ஆபாசம். சாதி பாதுகாப்பானது.

இது விளையாட்டுத்தானே என்று யாராவது தொடங்கினால் அவரை நாங்குநேரிக்குப் பஸ் ஏற்றி அனுப்புங்கள். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அரசு நீதியரசர் சந்துருவை வைத்து ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, மோதிரம் போடக் கூடாது, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. நல்ல அறிக்கை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகக் கயிறு கட்டிய கைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அவசியம் தெரியும். வாத்தியார் பள்ளி வாசலில் நின்று கயிற்றை அறுக்கிறார். பையன் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறான். அறுத்துக்கொள் சார். கயிறு இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. போனுக்குள். குழுவின் பெயராக. அதை அறுக்கக் கத்திரிக்கோல் வைத்திருப்பவன் ரக்‌ஷிதாவைத் துரத்திக்கொண்டிருக்கிறான்.

இந்த ஃபில்டர் யாருக்காக? பிள்ளைகளுக்காக அல்ல. கம்பெனிக்காக. நாளை எவனாவது வழக்குப் போட்டால், ஐயா நாங்கள் பெயரைக் கூடச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறோம் என்று காட்ட ஒரு ரசீது. கொலைகாரன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தால் போதும் என்று சொல்லும் வாசற்காவலன் வேலை.

கம்பெனிகளின் சொந்த ஒழுக்கத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை நடத்தும் ஆக்டிவிஷன் பிளிசார்ட், வீரனின் பெயர் விஷயத்தில் கறார்க்காரர். 2021 ஜூலையில் கலிஃபோர்னியா அரசே அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. பெண் ஊழியர்களுக்குப் பாகுபாடு, பாலியல் தொல்லை என்று குற்றச்சாட்டு. நிறுவனம் என்ன செய்தது? விளையாட்டுக்குள் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெண்ணின் ஓவியத்தைக் கழற்றிவிட்டுப் பழக்கூடை ஓவியத்தை மாட்டியது. அதே நிறுவனத்தின் ஓவர்வாட்ச் விளையாட்டில் மெக்ரீ என்று ஒரு துப்பாக்கி வீரன். நிறுவனத்து ஊழியர் ஒருவரின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். அந்த ஊழியர் வெளியேறிய பிறகு வீரனுக்கு அவசரமாகக் கோல் காசிடி என்று புதுப் பெயர். உலகத்தார் பெயரையெல்லாம் சலித்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் கதாநாயகனின் பெயரையே நடுத்தெருவில் மாற்ற வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் ஐந்து கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம். தொல்லை பரவலாக இருந்தது என்று எந்த நீதிமன்றமும் உறுதி செய்யவில்லை என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். பணம் போனால் என்ன, பெயர் முக்கியம்.

நம் அரசாங்கம் மட்டும் குறைச்சலா? 2020-ல் பப்ஜி மொபைலைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அதுவே இந்தியப் பெயரோடு திரும்பி வந்தது. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. அதே தீவு. அதே துப்பாக்கி. பெயரில் மட்டும் தேசபக்தி. ரத்தம் சிவப்பாக இருந்தால் பிள்ளைகள் மனம் கெடும் என்று பச்சையாக்கிவிட்டார்கள். ‘கொன்றான்’ என்ற சொல் கூடாது. ‘முடித்தான்’ என்று வரும். எங்கள் பக்கம் ‘முடிச்சிட்டான்’ என்றால் என்ன அர்த்தம் என்று சிவகிரி காவல் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். 2022 ஜூலையில் பத்துக் கோடிப் பயனர்கள் பதிவு செய்துவிட்டதாக அதை நடத்தும் கிராஃப்டான் நிறுவனம் பெருமையாக அறிவித்தது. அதே மாதம் விளையாட்டு மறுபடி காணாமல் போனது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. இடையில் பச்சை ரத்தத்துக்கு என்ன குற்றம் என்று பத்துக் கோடிப் பேருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

ஃப்ரீ ஃபயர் கதை இன்னும் கேலி. 2022 பிப்ரவரி 14 அன்று 54 செயலிகளில் ஒன்றாகத் தடை. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாம். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் கூகுள் கடையில் அப்படியே கிடந்தது. அதே நிறுவனம், அதே விளையாட்டு, கொஞ்சம் பளபளப்பு அதிகம். பழைய கணக்கிலேயே உள்ளே போகலாம். பெயரில் ‘மேக்ஸ்’ என்று ஒரு வால் இருந்தால் நாட்டுக்கு ஆபத்து நீங்கிவிடுகிறது. அரசாங்கமும் பெயரைத்தான் பார்க்கிறது. கம்பெனியும் பெயரைத்தான் பார்க்கிறது. இதில் யார் யாரிடம் படித்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

பேட்டில்கிரவுண்ட்ஸ் வந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு என்று விதிகள் போட்டார்கள். பெற்றோர் போனுக்கு ஓடிபி வர வேண்டும். நாளுக்கு மூன்று மணி நேரம்தான். செலவுக்கும் வரம்பு உண்டு. எவ்வளவு? நாளுக்கு 7,000 ரூபாய். திரும்பப் படியுங்கள். ஒரு பையன் ஒரு நாளைக்கு ஏழாயிரம் ரூபாய் செலவு செய்தால் அது கட்டுப்பாடு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் வைத்த கூலி நாளுக்கு 319 ரூபாய். கண்மாய்க் கரையில் அவன் ஆத்தா இருபத்திரண்டு நாள் மண் சுமந்தால் அவனுடைய ஒரு நாள் வரம்புக்கு ஆகும். அந்த ஏழாயிரத்தில் துப்பாக்கிக்குப் புதுச் சட்டை வாங்கலாம். பெயர் மாற்றும் அட்டையும் விலைக்கு இருக்கிறது. ஆமாம், பெயர் மாற்றக் காசு. முதலில் பெயர் கூடாது என்பார்கள். அவசரத்தில் ஏதோ ஒன்றை வைப்போம். பிறகு நல்லதாக மாற்ற நினைத்தால் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆபாசத்திலும் ஒரு வருமானம்.

பெயர் மாற்றுவது என்றதும் 2020 ஜூன் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கோயம்புத்தூரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர்களே வாய்விட்டுச் சிரித்தார்கள். சில நாட்களிலேயே அரசாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்த மாதத்தில் ஆயிரம் பெயர்ப் பலகைக்குத் திட்டம் போட்ட கெட்டிக்காரத்தனம் அது. எங்கள் ஊரை எப்படி நீட்டி முழக்கி எழுதினாலும் அந்த நாலு எழுத்து நடுவில் நிற்கத்தான் போகிறது. எழுத்துக்கூட்டல் எங்களைக் காப்பாற்றாது. 2019 நவம்பரில் எங்களைத் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தென்காசி மாவட்டத்தில் வைத்தார்கள். வட்டம் சங்கரன்கோவிலா சிவகிரியா என்று பாதிப் படிவங்களுக்கு இன்னும் தெளியவில்லை. இருக்கிற முகவரியே இப்படி ஆடிக்கொண்டிருக்கும்போது ஊர்ப் பெயரையும் பிடுங்கினால் நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

பெயரால் வரும் பாட்டை மு.க. ஸ்டாலினைக் கேட்டால் சொல்வார். 1953 மார்ச்சில் பிறந்தவர். சில நாளில் மாஸ்கோவில் ஜோசப் ஸ்டாலின் இறந்தார். கருணாநிதி மேடையிலேயே மகனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். அந்தப் பெயரால் பள்ளியில் இடம் கிடைக்கச் சிக்கல் வந்தது, பெயரை மாற்றுவதற்குப் பதில் பள்ளியை மாற்றினார்கள் என்று அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டுத் தெருவில் லெனின், ஸ்டாலின், நெப்போலியன் எல்லாம் பால் பாக்கெட் வாங்கப் போவார்கள். சர்வாதிகாரி பெயர் கூடாது என்று விதி வைத்திருக்கும் விளையாட்டுக்குள் இவர்களில் எத்தனை பேர் நுழைய முடியும்? கருணாநிதிக்கு மாற்ற இன்னொரு பள்ளி கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டுக்குப் போனாலும் அதே பட்டியல்.

பையனுக்காக நானே புகார் எழுதினேன். உதவிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. தமிழ் என்றும் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் இந்தி வந்தது. வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில், மரியாதையாக, எழுதினேன். வாசுதேவநல்லூர் ஒரு பேரூராட்சி, சட்டமன்றத் தொகுதி, இந்திய அரசின் அஞ்சலகம் உள்ள ஊர், இதில் ஆபாசம் எதுவும் இல்லை என்று விளக்கினேன். அனுப்பினேன். பெட்டி சிவந்தது. என் கடிதத்தில் பொருத்தமற்ற சொல் இருக்கிறதாம். நீக்கிவிட்டு அனுப்ப வேண்டுமாம்.

நீக்கினேன். ‘எங்கள் ஊர்’ என்று மட்டும் வைத்து அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது.

அன்புள்ள விளையாட்டு வீரரே, தங்கள் புகாரைப் பெற்றோம். எந்தப் பெயர் நிராகரிக்கப்பட்டது என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. பெயரை முழுமையாக எழுதி மீண்டும் அனுப்பவும்.